தலைக்கவசம் ஒன்று, தீர்ப்பு இரண்டு: பதிப்புரிமை வழக்கில் பலர் இடறும் இடங்கள்

லண்டன் ட்விக்கன்ஹாமில் ஒரு வடிவமைப்பாளர். ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படத்துக்காக 1976-இல் வெள்ளைக் கவசம் அணிந்த படைவீரர்களின் தலைக்கவசத்தை பிளாஸ்டிக்கில் செய்து கொடுத்தவர். 2004-இல் பழைய கருவிகளைக் கொண்டே நகல்கள் செய்து இணையத்தில் விற்க ஆரம்பித்தார். அமெரிக்காவுக்குப் போனது சில ஆயிரம் டாலர் சரக்குதான். படத்தைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிம் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டது, அவர் ஆஜராகவில்லை. 2006-இல் அவர் இல்லாமலேயே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு: 2 கோடி டாலர்!

அந்தத் தொகையை வசூலிக்க நிறுவனம் இங்கிலாந்துக்கு வந்தது. இணையத்தில் விற்றதாலேயே ஒருவர் அமெரிக்க நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டவர் ஆகிவிட மாட்டார் என்று சொல்லி, தீர்ப்பை நிறைவேற்ற அங்குள்ள நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2011-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: இந்தத் தலைக்கவசம் சிற்பம் அல்ல, படப்பிடிப்புக்குப் பயன்பட்ட பொருள், எனவே பிரிட்டனில் பதிப்புரிமை மீறல் இல்லை. ஆனால் அமெரிக்காவில் விற்றவற்றுக்காக அமெரிக்கச் சட்டப்படி அவர் மீதான வழக்கை நாங்களே விசாரிக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னது.

‘உலகம் முழுக்க எனக்குக் காப்பிரைட் இருக்கிறது’ என்று நினைப்பதுதான் இப்படி எல்லை தாண்டும் வழக்குகளில் முதல் தவறு. (நம்மில் பலர் ‘காப்புரிமை’ என்கிறார்கள், அது பேட்டன்டுக்கான சொல்லும் ஆகிவிட்டதால் நான் ‘பதிப்புரிமை’ என்றே எழுதுகிறேன்.) 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இந்தியாவும் உண்டு, அமெரிக்காவும் உண்டு. அதன் அடிப்படை விதி இது: வெளிநாட்டவரின் படைப்பையும் தன் நாட்டவருடையதைப் போலவே நடத்த வேண்டும். எந்த நாட்டில் நடந்த மீறலுக்காகக் கேட்கிறீர்களோ, அந்த நாட்டுச் சட்டம்தான் அளவுகோல்.

அடுத்தது, ‘அங்கே ஜெயித்தாச்சு, இங்கே வசூல் பண்ணிக்கலாம்’ என்ற நம்பிக்கை. பிரிட்டன், சிங்கப்பூர், அமீரகம் போன்ற இந்திய அரசு அறிவித்திருக்கும் நாடுகளின் குறிப்பிட்ட நீதிமன்றங்களின் தீர்ப்புகளை நம் மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றக் கேட்கலாம். அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை. அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும். எதிராளி ஆஜராகாமல் வாங்கிய தீர்ப்பு என்றால், சாட்சியங்களை உண்மையிலேயே பார்த்துத்தான் முடிவெடுத்தார்களா என்ற கேள்வியும் எழும்.

பதிவு விஷயத்தில்தான் நம் ஆட்கள் நிறைய இழக்கிறார்கள். கதையை உறையில் போட்டுத் தனக்குத்தானே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கும் உதவி இயக்குநர்களை எனக்குத் தெரியும். இந்தியாவில் பதிவு கட்டாயமில்லை. அந்த உறை தேதிக்கு ஒரு சாட்சி, அவ்வளவே. (அதிலும் வெறும் கதைக்கரு இருந்தால் பயனில்லை: கருவுக்கும் கதைப்போக்குக்கும் பதிப்புரிமை கிடையாது என்று 1978-இலேயே நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.) அமெரிக்காவில் கதை வேறு. அந்நாட்டுப் படைப்பு என்றால் பதிவு செய்யாமல் வழக்கே போட முடியாது. வெளிநாட்டுப் படைப்புக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் மீறலுக்கு முன்பே, அல்லது வெளியிட்ட 3 மாதத்துக்குள், பதிவு செய்திருந்தால்தான் சட்டம் நிர்ணயித்த இழப்பீடு கிடைக்கும். அது ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர்; வேண்டுமென்றே செய்த மீறல் என்றால் 1,50,000 வரை போகலாம். வக்கீல் செலவு கேட்கவும் இதே நிபந்தனைதான். பதிவு இல்லையென்றால் அந்த மீறலால் உங்களுக்கு எத்தனை டாலர் நஷ்டம், எதிராளிக்கு எத்தனை டாலர் லாபம் என்று ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டும். பெரும்பாலோர் அங்கேயே ஓய்ந்துவிடுகிறார்கள்.

‘படிப்புக்குத்தானே’ என்ற சமாதானமும் எல்லை தாண்டினால் செல்லாது. டெல்லி பல்கலைக்கழகத்து ஜெராக்ஸ் கடை ஒன்று பாடப்புத்தகப் பக்கங்களைத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம், பாடம் நடத்தத் தேவையான அளவுக்கு இப்படித் தொகுப்பதை நம் சட்டம் அனுமதிக்கிறது என்றது. இதே வேலையைச் செய்த மிச்சிகன் ஜெராக்ஸ் கடை 1996-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. டெல்லித் தீர்ப்பை அச்சடித்து எடுத்துக்கொண்டு போய் அமெரிக்காவில் காட்டிப் பயனில்லை.

கால அளவும் அப்படித்தான். இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு, இலங்கையில் 70. அமெரிக்காவில் 1978-க்கு முன் வெளியானவற்றுக்குப் பொதுவாக வெளியான நாளிலிருந்து 95 ஆண்டு. சென்னையில் யாரும் அச்சிடக்கூடிய புத்தகம் நியூ ஜெர்சியில் அப்படி இல்லாமல் போகலாம்.

கடைசியாக, ஜெர்மனியில் படிக்கப் போயிருக்கும் பிள்ளைகளுக்கு. டோரன்டில் படம் இறக்கினால் வக்கீலிடமிருந்து ‘ஆப்மானுங்’ என்ற எச்சரிக்கைக் கடிதம் வரலாம். பணத்தோடு, ‘இனிமேல் செய்ய மாட்டேன்’ என்று கையெழுத்தும் கேட்பார்கள். பயந்து அப்படியே கையெழுத்துப் போடுவது ஒரு தவறு: மறுபடி நடந்தால் அபராதம் என்ற ஒப்பந்தம் அது, பல வருஷம் கூடவே வரும். ‘நம்ம ஊர் நோட்டீஸ் மாதிரிதான்’ என்று குப்பையில் போடுவது அதைவிடப் பெரிய தவறு. நேரே நீதிமன்றத் தடையாணை வந்து நிற்கலாம். கடிதத்திலேயே கெடு தேதி இருக்கும், அது சில நாட்கள்தான். அதற்குள் கடிதத்தோடு அங்குள்ள வக்கீல் ஒருவரைப் பாருங்கள்.