செம்புச் சுரங்கப் பாலையில் நடைபாதைக்கு வழி பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தை மெக்சிகோ எல்லையிலிருந்து யூட்டா எல்லைவரை கடக்கும் அரிசோனா டிரெயிலின் நீளம் ஏறத்தாழ 800 மைல். டேல் ஷெவால்ட்டர் என்ற பள்ளி ஆசிரியர் 1985-இல் இதற்கு வழி தேடி நடந்தார். பாதை முழுமையடைந்தது 2011-இல். கடைசியாக இணைந்த துண்டு கீலா ஆற்றை ஒட்டிய செம்புச் சுரங்க வட்டாரத்தில் இருக்கிறது.

இப்படிப்பட்ட மண்ணில், இன்னும் வெட்டாத பாதைக்கு வழி பார்ப்பவர்களின் தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன: தரையில் தெரியும் மனிதத் தடமெல்லாம் நடப்பவருக்காக விட்டது என்று நம்புவது.

முதலில் ஏமாற்றுபவை கற்குவியல்கள். 1872-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி கனிம நிலத்துக்கு உரிமை கோருபவர்கள் எல்லையைக் கம்பம் நட்டோ கல் குவித்தோ காட்டுவார்கள். தாதுப் படிவத்துக்கான ஒரு கோரிக்கை 1,500 அடிக்கு 600 அடிவரை போகலாம். அதன் மூலைக்கல்லை வழிகாட்டிக் கல் என்று எண்ணித் தொடர்ந்தால் ஒரு செவ்வகத்தைத்தான் சுற்றி வருவீர்கள். பழைய ஜீப் தடமும் அப்படித்தான். தாது இருந்த இடத்தோடு அது நின்றுவிடும்.

அங்கே குழி இருக்கும். நிலவரைபடத்தில் பாதி கறுத்த சிறு சதுரம் செங்குத்துக் குழியையும், பெருக்கல் குறி சோதனைக்காகத் தோண்டிய பள்ளத்தையும் காட்டும். குறியில்லாத குழிகளும் உண்டு, ஆகவே வரைபடத்தில் குறி இல்லை என்பதை நம்பித் துணியாதீர்கள். குழியின் விளிம்பு மண் உதிரும். எட்டிப் பார்ப்பதே ஆபத்து. கிடைச் சுரங்கம் நிழலாக இருக்கிறதே என்று உள்ளே போகவே கூடாது: உயிர்வளி குறைந்த காற்று கண்ணுக்குத் தெரியாது, கூரையைத் தாங்கும் மரக்கட்டைகள் உளுத்திருக்கும், இருட்டில் தரையிலேயே இன்னொரு குழி திறந்திருக்கலாம். இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு, பாதைக் கோட்டைத் தள்ளிப் போடுங்கள்.

சுரங்க வாயிலில் கசியும் நீரைக் குடிநீர்க் கணக்கில் சேர்ப்பது இன்னொரு பெரிய பிழை. வடிகட்டி கிருமியை நிறுத்தும், கரைந்த ஆர்சனிக்கை நிறுத்தாது. கொதிக்க வைத்தால் அதன் செறிவு கூடவே செய்யும்.

நிலம் யாருடையது என்பதையும் முன்பே பாருங்கள். பொது நிலத்தின் மேல் வெறும் கோரிக்கை இருந்தால் பொதுவாக நடந்து கடக்கலாம். பட்டா வழங்கப்பட்ட சுரங்க நிலம் தனியாருடையது, அனுமதி வேண்டும்.

ஓடைப் படுகை நடக்க இதமாகத்தான் இருக்கும். ஜூலை முதல் செப்டம்பர்வரை எங்கோ மலையில் பெய்த மழை, வானம் தெளிந்திருக்கும்போதே அதில் வெள்ளமாக வரும். நிரந்தரப் பாதையை மேட்டுச் சரிவில் தேடுங்கள்.