இயற்கை நெல் சாகுபடி: கணக்கில் தவறும் இடங்கள்

பூச்சியையும் களையையும் பற்றிச் சொல்ல ஊரில் பலர் இருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களை வீழ்த்துவது பெரும்பாலும் கணக்கு நோட்டுதான்.

கடை விலையை வயலில் வைத்துப் பெருக்குவது

நாங்கள் அந்தக் காலத்தில் போட்ட அதே கணக்கோடு சென்ற பருவத்தில் ஒரு தம்பி வந்தார். ஏக்கருக்கு 18 மூட்டை மாப்பிள்ளைச் சம்பா, அதாவது 1,080 கிலோ. சென்னைக் கடையில் கிலோ 110 ரூபாய். ஆக, 1,18,800 ரூபாய் வருமானம் என்றார். எத்தனை முறை பார்த்தாலும் இந்தக் கணக்கு என்னை எரிச்சலூட்டுகிறது.

விளைந்தது நெல், கடையில் விற்பது அரிசி. அரைத்தால் நூற்றுக்கு 65 தேறும். 1,080 கிலோ, 700 கிலோவாகிவிடும். அதிலும் நொய் போகும். அரவைக் கூலி, சாக்கு, லாரி வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் அந்த 110 ரூபாய்க்குள்தான் அடங்கியிருக்கின்றன. தீட்டாத அரிசியில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் சில மாதங்களில் காறல் வாடை வரும். வண்டுக்கு நச்சு மாத்திரையும் வைக்க முடியாது. எனவே நெல்லாகவே இருப்பு வைத்து, கேட்கக் கேட்க அரைக்க வேண்டும். பணம் துளித்துளியாக வரும். நகைக்கடன் வட்டியோ காத்திருக்காது.

வாங்க ஆள் கிடைக்காவிட்டால் கொள்முதல் நிலையம்தான் வழி. யூரியா போட்டீர்களா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மத்திய அரசின் 2025-26 ஆதரவு விலை, சாதாரண நெல்லுக்குக் குவிண்டால் 2,369 ரூபாய். அந்தத் தம்பியின் நெல்லுக்கு 25,585 ரூபாய். யூரியா போட்டு 35 மூட்டை எடுக்கும் பக்கத்து வயல்காரருக்கு அதே விலையில் 49,749 ரூபாய்! விதைக்கும் முன்பே வாங்குபவரிடம் பேசி முடியுங்கள்.

சொந்த உழைப்புக்குக் கூலி எழுதாதது

எழுதுங்கள்.

முழு நிலத்தையும் ஒரே பருவத்தில் மாற்றுவது

இயற்கை விளைபொருளுக்குச் சான்று முத்திரை தரும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தில், நெல் போன்ற பருவப் பயிர்களுக்கு மாற்றக் காலம், அதாவது ரசாயனத்தை விட்டு இயற்கைக்கு மாறும் காலம், 2 ஆண்டுகள். அதுவரை விளைச்சல் குறையும், முத்திரைக்கான கூடுதல் விலையும் கிடைக்காது. ஓர் ஏக்கரில் தொடங்குங்கள்.

உரச் செலவு மிச்சம் என்று நம்புவது

மானியத்தால் 45 கிலோ யூரியா மூட்டை 266.50 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதிலுள்ள தழைச்சத்தை வேப்பம் புண்ணாக்கில் பெற ஏறத்தாழ 400 கிலோ வேண்டும். விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது. நடவுக்கு முன் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். புண்ணாக்கு வாங்காமல் மிச்சப்படும் காசைக் களையெடுப்புக் கூலிக்கு ஒதுக்கி வையுங்கள். களைக்கொல்லி இல்லாத வயலில் அதுதான் பெரிய செலவு.