அமெரிக்காவில் டிப்ஸுக்கு வருமான வரிக் கழிவு: யாருக்கு, எவ்வளவு, எப்படிக் கேட்பது

"டிப்ஸுக்கு இனி வரியே கிடையாதாம்" என்ற பேச்சை நம்பி, கைக்கு வந்த டிப்ஸைக் கணக்கில் காட்டாமல் விடுவதுதான் இதில் பலர் செய்யும் முதல் தப்பு. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் டிப்ஸை வருமானத்திலிருந்து விலக்கவில்லை. முழுத் தொகையையும் வருமானமாகக் காட்டிவிட்டு, அதில் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம் என்கிறது. விலக்கு வேறு, கழிவு வேறு. காட்டாத டிப்ஸுக்குக் கழிவும் இல்லை. 2025 முதல் 2028 வரை நான்கு வரி ஆண்டுகளுக்குத்தான் இந்த ஏற்பாடு.

முதலில் தகுதி

2024 முடிவதற்குள்ளேயே டிப்ஸ் வாங்கும் வழக்கம் உள்ள வேலையாக இருக்க வேண்டும். கருவூலத்துறை 2025 செப்டம்பரில் வெளியிட்ட வரைவுப் பட்டியலில் எட்டுப் பிரிவுகளில் அறுபதுக்கும் மேற்பட்ட வேலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்கக் குறியீடு உண்டு: பார்டெண்டருக்கு 101, சர்வருக்கு 102. முடி வெட்டுபவர், நகம் அலங்கரிப்பவர், டெலிவரி ஓட்டுநர், ஹோட்டல் அறை சுத்தம் செய்பவர் எல்லோரும் வருகிறார்கள். மேசை துடைக்கும் உதவியாளர் சர்வரிடமிருந்து பங்காக வாங்குவதும் அவருடைய டிப்ஸ்தான்.

டிப்ஸ் வாங்கியவருக்கு, வேலை செய்ய அனுமதிக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். அந்த எண் பெற முடியாதவர்கள் வரி தாக்கலுக்காக வரித்துறையிடம் வாங்கும் ஐடின் எண் மட்டும் வைத்திருப்பவர் கேட்க முடியாது. மணமானவர்கள் கூட்டாகத் தாக்கல் செய்தால்தான் கிடைக்கும், தனித்தனியாகச் செய்தால் கிடையாது. கணவன், மனைவி இருவருமே டிப்ஸ் வாங்கினாலும் கூட்டுத் தாக்கலுக்கு உச்சவரம்பு அதே 25,000தான்.

திருத்திய மொத்த வருமானம் தனி நபருக்கு 1,50,000 டாலரையும், கூட்டுத் தாக்கலில் 3,00,000 டாலரையும் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு 1,000 டாலருக்கும் கழிவில் 100 டாலர் குறையும். தனி நபர் ஒருவருக்கு வருமானம் 1,80,000, அதில் டிப்ஸ் 20,000 என்றால், 3,000 போக 17,000 கழிக்கலாம்.

எது டிப்ஸ், எது இல்லை

பெரிய சிக்கல் இங்கேதான். வாடிக்கையாளர் தானாக மனமுவந்து, தொகையைத் தானே தீர்மானித்துக் கொடுத்ததாக இருக்க வேண்டும். சட்டம் 'ரொக்க டிப்ஸ்' என்று சொன்னாலும் கார்டில் வந்தது, ஆப்பில் வந்தது, காசாக மாற்றக்கூடிய சூதாட்டச் சில்லு எல்லாம் அதில் அடங்கும். கச்சேரி டிக்கெட்டோ மது பாட்டிலோ அன்பளிப்பாக வந்தால் அடங்காது.

ஆறு பேருக்கு மேல் உட்கார்ந்த மேசைக்கு 240 டாலர் பில் வருகிறது. உணவகம் தானாகவே 18 சதவீதம், அதாவது 43.20 டாலர், சர்வீஸ் சார்ஜாகச் சேர்த்துவிடுகிறது. கையெழுத்திடும்போது வாடிக்கையாளர் கீழே தனியாக 5 டாலர் எழுதுகிறார். கழிவுக்குத் தகுதி அந்த 5 டாலருக்கு மட்டுமே. 43.20 முழுவதும் சர்வர் கைக்கே வந்தாலும் அது சம்பளம்தான். ஆனால் அந்த 18 சதவீதத்தை மாற்றவோ நீக்கவோ வாடிக்கையாளருக்கு வெளிப்படையாக வாய்ப்புக் கொடுத்திருந்தால் அது டிப்ஸாகிவிடும். திரையில் 18, 20, 22 என்று பொத்தான்கள் காட்டி, வேண்டாம் என்று விடவும் வழி வைத்திருந்தால் கவலை இல்லை. பில்லில் எந்தப் பெயரில் அச்சாகிறது என்பதைவிட, மறுக்க வழி இருந்ததா என்பதுதான் கேள்வி. முதலாளி இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துக் காட்டினால் அப்போதே பிரித்துக் கேளுங்கள். ஆண்டு முடிந்தபின் பிரிப்பது பெரும்பாடு.

நாள் கணக்கு

ஒரு சின்ன நோட்டு போதும். தினமும் நான்கு எண்கள்: ரொக்கமாக வந்தது, கார்டில் வந்தது, மற்றவர்களுக்குப் பங்கு கொடுத்தது, மிச்சம். ரொக்கம் 60, கார்டு 120, உதவியாளருக்கு 25, பார்டெண்டருக்கு 15 என்றால் மிச்சம் 140. உங்கள் டிப்ஸ் அந்த 140தான். 180 என்று எழுதினால் அடுத்தவர் பங்குக்கும் நீங்கள் வரி கட்டுவீர்கள்.

ஒரு மாதத்தில் ஒரு முதலாளியிடம் 20 டாலர் அல்லது அதற்கு மேல் டிப்ஸ் வந்தால், அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். படிவம் 4070 இதற்குத்தான். தெரிவிக்கத் தவறியவர், ஆண்டு இறுதியில் படிவம் 4137 இணைத்து சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரியைத் தானே கட்ட வேண்டும். அந்த வரியில் பாதியளவு அபராதமும் வரக்கூடும். ஆனாலும் 4137இல் காட்டினால் அந்த டிப்ஸுக்கும் கழிவு கேட்கலாம். முதலாளி ஆண்டுதோறும் தரும் சம்பள அறிக்கையான டபிள்யூ-2 படிவத்தின் 8ஆம் கட்டத்தில், முதலாளி கணக்குப்படி ஒதுக்கிய டிப்ஸ் இருந்தால் கவனியுங்கள். அது வரிக்குரிய சம்பளத்தைக் காட்டும் 1ஆம் கட்டத்தில் சேர்ந்திருக்காது; 4137இல் காட்டாமல் அதற்குக் கழிவு இல்லை.

தாக்கல் செய்யும்போது

2025ஆம் ஆண்டின் டபிள்யூ-2வில் தகுதியான டிப்ஸுக்கென்று தனிக் கட்டம் கிடையாது. 7ஆம் கட்டத்திலுள்ள தொகை (நீங்கள் தெரிவித்த டிப்ஸ்), அல்லது நீங்கள் கொடுத்த 4070 படிவங்களின் கூட்டுத்தொகை, அல்லது முதலாளி 14ஆம் கட்டத்தில் எழுதித் தந்த தொகை, இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 2026 முதல் 12ஆம் கட்டத்தில் டிபி (TP) என்ற குறியீட்டோடு தொகையும், 14பி-யில் வேலைக் குறியீடும் வரும்.

7ஆம் கட்டத் தொகை 1ஆம் கட்டத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறது. தனி வருமானம் என்று நினைத்து மறுபடி கூட்டிவிடாதீர்கள். கழிவை ஷெட்யூல் 1-ஏ என்ற இணைப்புத் தாளில் கணக்கிட்டு, வருமான வரிப் படிவமான 1040இல் 13பி என்ற வரிசைக்குக் கொண்டுபோக வேண்டும். செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் எல்லோருக்கும் பொதுவான நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) எடுப்பவருக்கும் இது கிடைக்கும்.

கணக்கு இப்படி விழும். தனி நபர், சம்பளம் 14,000, டிப்ஸ் 22,000, மொத்தம் 36,000. 2025க்கான நிலைக்கழிவு 15,750 போக 20,250. பழைய முறையில் வரி 2,191.50 டாலர். இப்போது 22,000ஐயும் கழித்தால் வரி பூஜ்யம். மீறிய 1,750 டாலர் கழிவு வீண்தான், அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. டிப்ஸ் மீதான சோஷியல் செக்யூரிட்டி 6.2, மெடிகேர் 1.45 சதவீதம், ஆக 1,683 டாலர், சம்பளத்திலிருந்து பிடித்தது பிடித்ததுதான்.

சம்பளம் 8,000, டிப்ஸ் 7,000 வாங்கும் பகுதிநேர ஊழியருக்கு இந்தச் சட்டத்தால் ஒரு சென்ட்கூட மிச்சமில்லை. மொத்தம் 15,000 நிலைக்கழிவுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 2025க்கு ஒரு குழந்தைக்கு 2,200 டாலரான வரிச் சலுகை ஏற்கெனவே வரியைத் துடைத்துவிட்ட பெற்றோருக்கும் பலன் குறைவு. மறுபுறம், அதே உணவகத்தில் டிப்ஸ் பங்கே இல்லாமல் 36,000 சம்பளம் வாங்கும் சமையல்காரர் அந்த 2,191.50ஐ முழுசாகக் கட்டுகிறார். டிப்ஸுக்கு வரிச் சலுகை தேவையா என்று விவாதிப்பவர்கள் இந்த மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கடைநிலை ஊழியருக்கு உதவுவதுதான் நோக்கம் என்றால், நிலைக்கழிவை உயர்த்துவது இதைவிட நேர்மையான வழி என்பது எங்கள் கணிப்பு. ஆனால் சட்டம் இருக்கும்வரை, உரியதைக் கேட்டு வாங்காமல் விடக் காரணமில்லை.

சொந்தமாகத் தொழில் செய்பவர்கள்

ஆப் வழியாக வண்டி ஓட்டுபவர் போன்றோருக்கு இன்னொரு வரம்பு: அந்தத் தொழிலின் நிகர வருமானத்தைத் தாண்டிக் கழிக்க முடியாது. டிப்ஸ் 8,000 உட்பட வரவு 20,000; ஓட்டியது 20,000 மைல், 2025 விகிதமான மைலுக்கு 70 சென்ட்படி செலவு 14,000. நிகரம் 6,000. சுயதொழில் வரியில் (சொந்தத் தொழில் செய்பவர் கட்டும் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி) பாதியையும் அதிலிருந்து கழித்தபின் நிற்பதுதான் உச்சம், 8,000 இல்லை. ஆப் தரும் ஆண்டறிக்கையில் டிப்ஸ் தனியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாரக் கணக்குகளை இறக்கி வையுங்கள்.

மாநில வரி

கூட்டாட்சிப் படிவத்தில் மொத்த வருமானத்தைக் கணக்கிட்டு முடித்த பிறகே இந்தக் கழிவு வருவதால், அந்த மொத்தத்திலிருந்து கணக்கைத் தொடங்கும் மாநிலங்களில் தானாகக் கிடைக்காது. கலிஃபோர்னியா அப்படி. டெக்சஸ், ஃபுளோரிடாவில் மாநில வருமான வரியே இல்லை என்பதால் கேள்வியும் இல்லை.

2025இல் சம்பளப் பிடித்தம் பழையபடியே நடந்ததால், மிச்சம் தாக்கலுக்குப் பின் ரீஃபண்டாகத்தான் வரும். 2026இல் அதற்குக் காத்திருக்க வேண்டாம் என்றால், சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று முதலாளிக்குச் சொல்லும் புதிய டபிள்யூ-4 படிவத்தின் கழிவுக் கணக்குத் தாளில் எதிர்பார்க்கும் டிப்ஸை எழுதி, வரும் கூட்டுத்தொகையை 4(பி)-யில் நிரப்பி முதலாளியிடம் கொடுங்கள். போன ஆண்டுத் தொகையைவிடக் கொஞ்சம் குறைத்தே எழுதுங்கள். டிப்ஸ் குறைந்துபோனால் ஏப்ரலில் கையிலிருந்து கட்ட நேரும். 2025 தாக்கலில் கழிவைக் கேட்க மறந்தவர்கள் 1040-எக்ஸ் படிவம் மூலம் மூன்று ஆண்டுகளுக்குள் திருத்தலாம்.