சிறு தொலைநோக்கிக்கு ஃபைண்டர் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆசையோடு வாங்கிய சிறு தொலைநோக்கி சில மாதங்களிலேயே பரணுக்குப் போய்விடுவதற்கு, பெரும்பாலும் அதன் ஆடியோ வில்லையோ காரணமாக இருப்பதில்லை. பார்க்க விரும்பும் பொருளை நோக்கி அதைத் திருப்ப முடியாமல் அலுத்துப்போவதே காரணம். 130 மி.மீ. விட்டமும் 650 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட, ஆடியால் ஒளியைக் குவிக்கும் நியூட்டோனியன் தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸை (கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லையை) பொருத்தினால் 26 மடங்கு உருப்பெருக்கமும், சுமார் 2 பாகை அகலமுள்ள பார்வைப் புலமும் கிடைக்கும். 10 மி.மீ. ஐபீஸை வைத்தாலோ புலம் முக்கால் பாகையாகச் சுருங்கிவிடும். முழுநிலவே அரைப் பாகை அகலம் உடையது என்பதை எண்ணிப் பார்த்தால், அவ்வளவு சிறிய சாளரத்துக்குள் ஒரு மங்கலான விண்மீன் திரளைத் தற்செயலாகக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பது விளங்கும். அந்தச் சுமையைத் தாங்குவதற்காகவே, குழாயை இலக்கை நோக்கித் திருப்ப உதவும் சிறு துணைக்கருவியான ஃபைண்டர் குழாயின் மேல் அமர்ந்திருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்கும்போது விலையையும் உருப்பெருக்கத்தையும் ஒப்பிடுவதற்கு முன், எந்த இடத்தில் நின்று பார்க்கப்போகிறோம், அங்கே வெறுங்கண்ணுக்கு எத்தனை விண்மீன்கள் தெரிகின்றன என்பதை ஓர் இரவு வெளியே நின்று கணித்துக்கொள்ள வேண்டும்.

இதைச் செய்யாமல் ரெட் டாட் ஃபைண்டரை வாங்கிவிடுவதே நம் ஊர் நகரவாசிகள் செய்யும் பெரிய தவறு என்று கருதுகிறேன். ரெட் டாட் எதையும் பெரிதாக்குவதில்லை. ஒளியைக் கூடுதலாகச் சேர்ப்பதும் இல்லை. சாய்ந்த கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டி, குழாய் எங்கே நோக்குகிறது என்பதை மட்டும் சொல்கிறது. தாளவாடி மேட்டிலோ, ஆனைமலை அடிவாரத் தோப்பிலோ, மூலனூர்ப் பக்கத்துக் காட்டுவெளியிலோ அதுவே போதுமானதாக இருக்கலாம். காந்திபுரத்தில் ஒரு மொட்டை மாடியிலிருந்தோ, பனியன் கம்பெனிகளின் விளக்கொளி மேலெழும் திருப்பூரிலிருந்தோ பார்ப்பவருக்கு, புள்ளியை வைப்பதற்கு வானத்தின் பல பகுதிகளில் விண்மீனே அகப்படாது. யாழ் தொகுதியிலுள்ள வளைய நெபுலாவான எம்57-ஐ நகரத்திலிருந்தும் ரெட் டாட்டால் பிடிக்க முடியும். ஏனெனில், அதன் இருபுறமும் நிற்கும் பீட்டா, காமா விண்மீன்கள் இரண்டும் மூன்றாம் ஒளிப்பொலிவை ஒட்டியவை, அதாவது நகர வானிலும் வெறுங்கண்ணுக்கு அகப்படக்கூடியவை. அவற்றின் நடுவே புள்ளியை வைத்தால் போதும். அஸ்த நட்சத்திரமாக நாம் எண்ணும் காகத் தொகுதிக்கு அருகிலுள்ள எம்104 விண்மீன் மண்டலம் அப்படி வசப்படாது. அத்தொகுதியின் டெல்டா விண்மீனிலிருந்து அது ஐந்தரைப் பாகை தள்ளி இருக்கிறது. இடைவழியில் உள்ளவை நகர வானில் கண்ணுக்குத் தெரியாத மங்கல் விண்மீன்கள்.

இருட்டில் கண்பாவை 6 மி.மீ. விரிகிறது என்று கொண்டால், 30 மி.மீ. வில்லை அதைவிட 25 மடங்கு ஒளியைச் சேர்க்கும், 50 மி.மீ. வில்லை ஏறத்தாழ 70 மடங்கு சேர்க்கும். 6 மடங்கு பெரிதாக்கும், 30 மி.மீ. வில்லை கொண்ட 6×30 ஃபைண்டரின் புலம் பொதுவாக 7 பாகை அளவில் இருப்பதால், காகத்தின் டெல்டாவை ஓர் ஓரத்தில் நிறுத்தினாலே எம்104 இருக்கும் இடம் மறு ஓரத்துக்குள் வந்துவிடும். எம்104 ஃபைண்டரில் தெரியாமல் போனாலும், அதற்கு வழிகாட்டும் விண்மீன்கள் தெரியும். நகரத்தில் வாழ்பவருக்கு இப்படி வில்லை வைத்த ஒளியியல் ஃபைண்டரை நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 80 மி.மீ. விட்டமும் 400 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட குட்டைக் குழாய்த் தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸை வைத்தால் 16 மடங்கும் 3 பாகைப் புலமும் கிடைக்கின்றன. அந்தத் தொலைநோக்கியே ஏறக்குறைய ஒரு ஃபைண்டர்தான். அதன் மேல் கனமான 8×50 ஒன்றை ஏற்றினால் சமநிலை கெடும். மேசைமேல் பெட்டித் தாங்கியில் அமரும் சிறு டாப்சோனியன் ஆனால் குழாயின் மூக்கு தானாகவே கவிழத் தொடங்கும். தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்ட் மெலிந்ததாக உள்ளவர்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்றையும் நினைவில் கொள்ள வேண்டும். குழாயிலிருந்து துருத்தி நிற்கும் எந்தப் பொருளும் அந்தக் காற்றுக்கு ஒரு பிடியாகி, காட்சியை நடுங்க வைக்கும்.

மலிவான தொலைநோக்கிகளோடு இலவசமாக வரும் 5×24 ஃபைண்டரைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. இவற்றில் பலவற்றின் முகப்பு வில்லை ஒற்றை வில்லையாகவே இருக்கும். அதன் நிறப்பிழையை மறைப்பதற்காக உள்ளே துளை சிறுத்த ஒரு வளையத்தை வைத்துவிடுகிறார்கள். பெயரளவில் 24 மி.மீ. என்றாலும், ஒளி புகுவது சுமார் 10 மி.மீ. துளை வழியாக மட்டுமே. முகப்பு வழியாக ஒரு டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தால் அந்த வளையம் தெரிந்துவிடும். அப்படிப்பட்டதோடு போராடிக்கொண்டிருப்பதைவிட, அதைக் கழற்றிவிட்டு ஒரு ரெட் டாட்டைப் பொருத்துவதே மேல். ஆனால், நல்ல 6×30 ஒன்று மங்கலாகத் தெரிகிறது என்பதற்காக அதைக் குறையுள்ளது என்று திருப்பி அனுப்பிவிடக் கூடாது. பெரும்பாலானவற்றில் முகப்பு வில்லைக்குப் பின்னால் ஒரு பூட்டு வளையம் இருக்கும்; அதைத் தளர்த்தி, முகப்பைத் திருகி, விண்மீன் கூர்மையான புள்ளியாகும் இடத்தில் மீண்டும் இறுக்கிக்கொள்ளலாம்.

குழாய் நோக்கும் திசையிலேயே கண்ணை வைத்துப் பார்க்கும் நேர்ப்பார்வை ஃபைண்டரா, பக்கவாட்டிலிருந்து பார்க்கும் செங்கோண ஃபைண்டரா என்ற கேள்விக்கு வெளிநாட்டு நூல்களில் வரும் பரிந்துரைகளை அப்படியே ஏற்பது நமக்குப் பொருந்தாது. கோவை சுமார் 11 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஆகவே துருவ விண்மீன் நமக்கு அடிவானத்துக்கு மேலே 11 பாகையிலேயே நின்றுவிடுகிறது. மகம் கிட்டத்தட்ட நேர் உச்சியைக் கடக்கிறது. ரோகிணியும் சுவாதியும் பூச நட்சத்திரக் கூட்டமும் உச்சியிலிருந்து 10 பாகைக்குள்ளேயே செல்கின்றன. திருவாதிரைக்கு அருகே ஓரையன் இடைவாரும், கார்த்திகைக் கூட்டமும் அவற்றை அடுத்துத்தான் வருகின்றன. லண்டனில் இருப்பவர் பாதி வானத்தில் பார்ப்பவற்றை நாம் தலைக்கு மேலே பார்க்கிறோம். நேர்ப்பார்வை ஃபைண்டரை வைத்துக்கொண்டு இவற்றைத் தேடுபவர், வில்லைத் தொலைநோக்கியானால் தரையில் மண்டியிட வேண்டும்; நியூட்டோனியனானால் குழாயோடு கன்னத்தை ஒட்டிக் கழுத்தைப் பின்னுக்கு முறிக்க வேண்டும். முதுகுவலியோ கழுத்துவலியோ உள்ள பெரியவர்கள் இந்தப் பொழுதுபோக்கைக் கைவிடுவதற்கு இதுவே போதும். நம் பகுதிக்குச் செங்கோண ஃபைண்டரை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அதிலும், படத்தை இடவலம் மாறாமல் நிமிர்த்திக் காட்டும் பட்டகம் (பிரிசம்) உள்ளதைத்தான் வாங்க வேண்டும். சாதாரண ஆடி வைத்த செங்கோண வகை கண்ணாடிப் பிம்பத்தைக் காட்டுவதால், விண்மீன் வரைபடத்தோடு அதை ஒப்பிடவே முடியாது. நேர்ப்பார்வை வகையின் தலைகீழ்ப் படமாவது வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தால் பொருந்திவிடும்.

செங்கோண வகைக்கு ஒரு குறை உண்டு. வானத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்ப்பதால், முதல் திசையைப் பிடிப்பது கடினம். குழாயில் இடமிருந்தால் எடை குறைந்த ஒரு ரெட் டாட்டையும் சேர்த்துப் பொருத்துவது நல்லது. அரை, 2, 4 பாகை வட்டங்களை வானத்தின் மேல் காட்டும் டெல்ராட் சிறந்த கருவிதான். ஆனால் அதன் அடித்தளம் நீளமானது. 70 மி.மீ. குழாயில் அது சரியாக அமராது.

ரெட் டாட் வாங்குபவர்கள் ஒளியைக் குறைக்கும் திருகை இருட்டறையில் சோதிக்க வேண்டும். மிகக் குறைந்த நிலையிலும் புள்ளி கூசுமானால், அது மங்கலான விண்மீனை மறைத்துவிடும். பிடிமான அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லா நிறுவனங்களின் தாங்கிகளும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை.

வாங்கிய பிறகு ஃபைண்டரைத் தொலைநோக்கியோடு நேர்ப்படுத்தும்போது, அருகிலுள்ள தென்னை மரத்தையோ எதிர்வீட்டுத் தொட்டியையோ இலக்காகக் கொள்வது தவறு. ஃபைண்டர் குழாயின் நடு அச்சிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருந்தால், 20 மீட்டர் தூரத்தில் அந்த இடைவெளி 0.43 பாகைப் பிழையாகும். அதாவது ஏறக்குறைய ஒரு நிலவின் அகலம். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் அது அரைக் கலையளவுக்குச் சுருங்கிவிடும் (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு). சென்னிமலை, சிவன்மலை, மருதமலை ஆகியவற்றின் கோபுர உச்சிகளும், உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளின் நடுக்குமிழும் இதற்கு ஏற்றவை. முதலில் 25 மி.மீ. ஐபீஸிலும் பிறகு 10 மி.மீ. ஐபீஸிலும் சரிபார்க்க வேண்டும். பகலில் இதைச் செய்யும்போது சூரியன் இருக்கும் பக்கத்தில் உள்ள இலக்கைத் தொடவே கூடாது. ஃபைண்டர் வழியாக ஒரு கணம் சூரியனைப் பார்த்தாலும் கண் பறிபோகும். தொலைநோக்கியின் முகப்பில் சூரிய வடிகட்டியைப் பொருத்திச் சூரியனைக் காட்டும் நாள்களில், ஒளியியல் ஃபைண்டரைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும். மூடி மட்டும் போட்டால் ஒரு குழந்தை அதைத் திறந்துவிடக்கூடும்.

ஃபைண்டருக்குப் பதிலாகப் பச்சை லேசரைப் பொருத்தும் வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. பீளமேட்டில் விமான நிலையமும், சூலூரில் விமானப்படைத் தளமும் இருக்கும் ஊரில், இறங்கும் விமானியின் கண்ணில் அந்த ஒளி படுவது பேராபத்து.

மார்கழி, தை இரவுகளில் நோக்குபவர்கள் பனியையும் கணக்கில் கொள்ள வேண்டும். டெல்ராடின் சாய்ந்த கண்ணாடியும், வெளியே திறந்து நிற்கும் ஃபைண்டர் வில்லையும் தொலைநோக்கிக்கு முன்பாகவே ஈரமாகிவிடும். கறுப்பு அட்டையைச் சுருட்டி முகப்பில் ஒரு விரல் நீளத்துக்கு முன் நீட்டிப் பொருத்தினால் நேரம் கூடுதலாகக் கிடைக்கும். ஈரத்தைத் துணியால் துடைத்தால் வில்லையின் பூச்சில் கீறல் விழும் என்பதால், வீட்டுக்குள் கொண்டுபோய்த் தானாக உலர விடுவதே சரியான முறை.