தேவனாம்பட்டினம் மணல்மேடு: கிளிஞ்சலிடம் ஏமாறாமல் சிதைவைக் கணக்கிடுவது எப்படி?

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் காற்று குவித்த மணல் எங்கிருந்து வந்தது, எவ்வளவு சிதைந்தது என்று வேதியியலால் பார்க்க விரும்பும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ் கதிர் பாய்ச்சித் தனிமங்களை அளக்கும்) ஆய்வுக்கு மாதிரி அனுப்பத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. அள்ளுவது

மேட்டின் முகட்டில் மேல்மணலை வழித்துவிட்டு, ஒரு சாண் ஆழத்தில் எடுங்கள். கருமணல் கோடுகளைத் தவிருங்கள். லேசான மணலைக் காற்று கொண்டுபோனபின் இல்மனைட், சிர்கான், கார்னெட் எனும் கனமான கனிமங்கள் தங்கிப்போன இடம் அது. அங்கே அள்ளினால் சிர்கோனியம் எகிறும்; அது காற்று சலித்ததைக் காட்டுமே தவிர, தாய்ப்பாறையைக் காட்டாது. ஒப்பிடுவதற்குத் தென்பெண்ணை, கெடிலம் ஆற்று மணலும் கேப்பர் மலைச் செம்மண்ணும் வேண்டும்.

பித்தளைச் சல்லடை செம்பையும் துத்தநாகத்தையும் கலந்துவிடும். நைலான் வலையே என் கட்சி. அரைக்க அகேட் உரல். டங்ஸ்டன் கார்பைடு அரைவை வேகமானதுதான், ஆனால் கோபால்ட் ஒட்டிக்கொள்ளும்.

2. உப்பு

காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசிக் காயவையுங்கள். கடல் உப்பின் சோடியம் தங்கினால் அடுத்த படி பாழ்.

3. கால்சியம் (என்னை அதிகம் அலைக்கழித்த இடம்)

ஃபெல்ட்ஸ்பார் என்ற பாறைக் கனிமம் சிதையும்போது கால்சியம், சோடியம், பொட்டாசியம் கரைந்து போகின்றன. அலுமினியம் களிமண்ணாகத் தங்குகிறது. இதை வைத்து நெஸ்பிட், யங் இருவரும் 1982இல் தந்ததுதான் சிஐஏ எனும் வேதிச் சிதைவுக் குறியீடு: அலுமினியம் ஆக்சைடை, அதோடு கால்சியம், சோடியம், பொட்டாசியம் ஆக்சைடுகளும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்து 100ஆல் பெருக்குவது. எடை விழுக்காட்டை அப்படியே போடக்கூடாது, மோலாக மாற்றுங்கள். சிதையாத கருங்கல்லுக்குச் சுமார் 50 வரும். முழுக்கக் கயோலினைட் என்ற களிமண் கனிமம் ஆனால் 100.

சிக்கல் என்னவென்றால், சூத்திரம் கேட்பது ஃபெல்ட்ஸ்பார் போன்ற சிலிக்கேட் கனிமங்களிலுள்ள கால்சியத்தை மட்டும். கடற்கரை மணலிலோ கிளிஞ்சல் தூளின் கால்சியமும் இருக்கும். பழகுவதற்கு ஒரு கற்பனைக் கணக்கு: அலுமினியம் ஆக்சைடு 10.2%, கால்சியம் ஆக்சைடு 5.6%, சோடியம் ஆக்சைடு 2.48%, பொட்டாசியம் ஆக்சைடு 1.88%. மூலக்கூறு எடைகளான 101.96, 56.08, 61.98, 94.20 ஆகியவற்றால் முறையே வகுத்தால் 0.10, 0.10, 0.04, 0.02. அப்படியே போட்டால் சிஐஏ 38! புதிதாக உடைத்த கருங்கல்லை விடவும் புதிய மணலா?

இதைத் திருத்த மெக்லென்னன் என்ற ஆய்வாளர் தந்த வழி எளிது. முதலில் பாஸ்பரஸ் பென்டாக்சைடு மோலின் 10/3 பங்கைக் கால்சியத்தில் கழியுங்கள். அது அபடைட் என்ற பாஸ்பேட் கனிமத்துக்கு உரியது. மீதி சோடியத்தைவிடக் கூடுதலாக இருந்தால், சோடியத்தின் அளவையே கால்சியத்துக்கும் வையுங்கள். இங்கே 0.04. இப்போது சிஐஏ 50.

நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் கிளிஞ்சலைக் கரைத்துவிட்டு அளப்பதும் உண்டு. நேரமிருந்தால் நான் அதையே விரும்புவேன்.

4. பிறப்பிடம்

தோரியம்/ஸ்காண்டியம், லாந்தனம்/ஸ்காண்டியம் விகிதங்களை ஆற்று மணலோடு ஒப்பிடுங்கள். குவார்ட்ஸ் எவ்வளவு கலந்தாலும் விகிதம் அநேகமாக மாறாது. கருமணலில் சேரும் மோனசைட் கனிமம் மட்டும் தோரியத்தையும் லாந்தனத்தையும் சேர்த்தே உயர்த்திவிடும்; கருமணலைத் தவிர்க்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

பின்சேர்க்கை

கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியில் சோடியம் கட்டம் காலியாக வருகிறதே, பூச்சியம் போடலாமா என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். கூடாது. அக்கருவிகளுக்குச் சோடியம் எட்டாது. காலி என்றால் இல்லை என்று பொருளல்ல. மேலே உள்ள கணக்கில் பூச்சியம் போட்டால் கால்சியமும் பூச்சியமாகி, 50 என்பது 83 ஆகிவிடும். ஆய்வகத்தில் உருக்கிய வில்லை செய்து அளந்து வாங்குங்கள்.