மலை ஊராட்சியை நவீனமாக்க: முதலில் ஒரு வாளியும் கடிகாரமும்

நீலகிரியில் ஒரு ஊராட்சியை நவீனமாக்கலாம் என்று பேச்சு எடுத்தாலே கணினி, செயலி, கேமரா என்று பட்டியல் நீண்டுவிடுகிறது. அதெல்லாம் வரட்டும். ஆனால் ஊற்றில் தண்ணீர் எவ்வளவு வருகிறது, எந்தச் சரிவில் மண் இறங்குகிறது என்று தெரியாமல் அந்தக் கணினியில் எதை ஏற்றுவது? அதனால் அளவெடுப்பதில் தொடங்குங்கள்.

ஊருக்குத் தண்ணீர் தரும் ஒவ்வொரு ஊற்றிலும் மாதம் ஒருமுறை 15 லிட்டர் வாளியைப் பிடித்து, அது நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 30 விநாடி என்றால் நாளொன்றுக்கு 43,200 லிட்டர். ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தின் கணக்குப்படி ஆளுக்கு 55 லிட்டர் என்று வைத்தால் சுமார் 785 பேருக்குப் போதும். அதே ஊற்று மார்ச்சில் 90 விநாடி எடுத்தால் 14,400 லிட்டர்தான், அதாவது 260 பேருக்குத்தான். மேட்டில் புதிதாக நாலு காட்டேஜ் கட்டிக் குடிநீர் இணைப்பு கேட்டு யாராவது வந்தால், மழைக்கால அளவைப் பார்க்காமல் இந்த மார்ச் அளவைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். அளவெடுக்கத் தனி ஆள் வேண்டாம், தினமும் அங்கே போய்வரும் டேங்க் ஆபரேட்டரே போதும். அவர் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அலுவலகத்தில் ஷீட்டில் ஏற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது மழை. பள்ளி மைதானத்தில் ஒரு மழைமானி வைத்து தினமும் காலை 8.30-க்குக் குறித்துவையுங்கள். மாவட்டத்துக்கு ஒரே மழை அளவு என்பது இங்கே சரிப்படாது, ஏனென்றால் குந்தா, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும், குன்னூர், கோத்தகிரிக்கோ ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். இந்திய புவியியல் ஆய்வு மையம் நீலகிரிக்கு நிலச்சரிவு முன்னறிவிப்பு தருகிறது, பூஸ்கலன் என்ற செயலியும் இருக்கிறது. அதையும் உங்கள் மழைமானியையும் சேர்த்துப் பார்த்தால், சரிவுக்குக் கீழே இருக்கிற வீட்டுக்காரர்களை எப்போது பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லலாம் என்று முடிவெடுக்க வழி கிடைக்கும்.

அப்புறம் வரைபடம். கணினியில் வரைபடம் போடும் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம்தான், கல்லூரிப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். முடியாவிட்டால் கூகுள் மை மேப்ஸ் போதும். ஊற்று, ஓடை, குழாய், வால்வு, விரிசல் விட்ட தடுப்புச்சுவர், முன்பு மண் சரிந்த இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். இதற்கு ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) இருக்கிற பெரியவர்களைக் கூடவே நடக்கக் கூப்பிடுங்கள், இப்போது கட்டடம் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் ஓடை போனது அவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் ஊரில் வால்வுகள் எங்கெங்கே இருக்கின்றன என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு கோடை முழுக்க மண்ணைத் தோண்டித் தேடினோம், அந்த நாட்களில் பெண்கள் குடத்தோடு ஏறி இறங்கியதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

வீடு கட்ட அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு மனுவையும் இந்த வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். மலைப்பகுதியில் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) விதிகள் இருக்கத்தான் செய்கின்றன, ஆனாலும் ஜேசிபி வைத்துச் சரிவை வெட்டத் தொடங்கிய பிறகு போய் நிறுத்துவது ரொம்பக் கடினம். தடுப்புச்சுவர் கட்டினால் தண்ணீர் வெளியேறத் துளைகள் விட்டிருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். மண்ணுக்குள் தேங்கும் தண்ணீர்தான் சுவரைத் தள்ளுகிறது.

தெருவிளக்கை எல்இடியாக மாற்றுவது, குப்பைத் தொட்டிக்குக் காட்டெருமை திறக்க முடியாத மூடி போடுவது, இதெல்லாம் எளிது, ஒரே தீர்மானத்தில் முடித்துவிடலாம்.

எடுத்த அளவுகளைக் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கூட்டம் நடக்கிறது; மார்ச் 22 தண்ணீர் தினக் கூட்டம் ஊற்று குறையும் நேரத்திலேயே வருவதால், அன்றைக்கு அந்த வாளிக் கணக்கைச் சத்தமாக வாசியுங்கள். அக்டோபர் 2-ல் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தைப் பேசும்போது ஊற்றுக்கு மேலே உள்ள சோலையைக் காப்பது, மழைநீர்த் தொட்டி கட்டுவது ஆகியவற்றைத் தீர்மானமாகவே எழுத வையுங்கள். 15-வது நிதிக்குழு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது, எனவே இந்த வேலைகளுக்குப் பணமே இல்லை என்று யாராவது சொன்னால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். ஷீட்டையும் வரைபடத்தையும் ஊராட்சியின் மின்னஞ்சல் கணக்கில் தொடங்குங்கள், செயலரின் சொந்தக் கணக்கில் வேண்டாம், அவர் மாறுதலாகிப் போனால் எல்லாம் கூடவே போய்விடும். மழை நாளில் கரண்டும் சிக்னலும் போகும் என்பதால் ஒரு பிரதி அச்செடுத்து அலுவலகச் சுவரிலும் ஒட்டிவையுங்கள்.