இரண்டு டிராக்குகளின் டெம்போவை ஒன்றாக்குவது எப்படி?

டிரம் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டு) ஒன்று 96 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 96 பீட்; இந்த வேகம்தான் டெம்போ. தனியாகப் பதிவு செய்த குரல் 100 பிபிஎம். இரண்டையும் ஒரே பிராஜெக்டில் வைத்து ஓட்டினால் முதல் வரி சேர்ந்து போவதுபோல்தான் இருக்கும். 15 நொடிக்குள் குரல் முழுதாக ஒரு பீட் முந்திவிடும். இதைச் சரிசெய்யும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: டெம்போவை அளந்து பாருங்கள்

மென்பொருள் தானே கண்டுபிடித்துக் காட்டும் எண்ணை அப்படியே ஏற்காதீர்கள். 70 பிபிஎம் பாட்டை 140 என்று காட்டுவது சாதாரணமாக நடக்கும். கணக்கு எளிதுதான்: பீட்களின் எண்ணிக்கையை 60-ஆல் பெருக்கி, அவை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுக்க வேண்டும். 32 பீட்டுக்கு 20 நொடி என்றால் 96 பிபிஎம்.

இங்கே பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. 32 பீட்டின் நேரம், 33-வது பீட் தொடங்கும் இடத்தில்தான் முடிகிறது. 32-வது பீட்டின் தொடக்கத்திலேயே நிறுத்தி அளந்தால் விடை 99-க்கு மேல் போய்விடும்.

நீளமான பகுதியை எடுத்து அளப்பதும் முக்கியம். அளவில் 0.02 நொடி பிசகினால், 4 பீட்டை வைத்துப் போட்ட கணக்கு 95.2 என்று காட்டும்; 32 பீட்டை வைத்துப் போட்டது 95.9 என்று காட்டும். நான் 64 பீட்டுக்குக் குறைந்து அளப்பதே இல்லை.

படி 2: முதல் பீட்டை கிரிட்டில் உட்கார வையுங்கள்

கோப்பின் தொடக்கத்தில் சிறு மௌனம் இருக்கும். அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்கி, ஒலி எழும் இடத்தை கிரிட்டில் (திரையில் பீட்களைக் காட்டும் கோடுகள்) ஒரு பார் (பெரும்பாலும் நான்கு பீட் கொண்ட தொகுதி) தொடங்கும் கோட்டில் பொருத்துங்கள். டிரம்மில் இது பளிச்சென்று தெரியும். குரலில் கொஞ்சம் பொறுமை வேண்டும்: க, ட, ப போன்ற வல்லின ஒலிகள் செங்குத்தாக எழும், ம, ந போன்ற மெல்லின ஒலிகள் சாய்வாக ஏறும். ஆகவே பீட்டின் மேல் சரியாக விழும் ஒரு வல்லினச் சொல்லைத் தேடிப் பிடித்து, அதை வைத்துப் பொருத்துங்கள்.

படி 3: எதை நகர்த்துவது?

குரலை விட்டுவிடுங்கள். பிராஜெக்டின் டெம்போவை 100 ஆக வைத்து, லூப்பைச் சுருக்குங்கள். 20 நொடி லூப் 19.2 நொடியாகும். இழுத்துச் சுருக்கிய குரலில் உயிரெழுத்துகள் உலோகத்தன்மையோடு ஒலிக்கும். கேட்பவர் காது அதை உடனே கண்டுகொள்ளும்.

படி 4: சுருக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள்

ஏபிள்டன் லைவ் மென்பொருளில் 'வார்ப்'பை (ஒலியின் நேரத்தை நீட்டிச் சுருக்கும் வசதி) இயக்கி, டிரம்முக்கு 'பீட்ஸ்' முறையை வையுங்கள். குரலையே மாற்றியாக வேண்டும் என்றால் 'காம்ப்ளெக்ஸ் புரோ'. லாஜிக் புரோவில் 'ஃபிளெக்ஸ் டைம்'. ஆடாசிட்டியில் 'சேஞ்ச் டெம்போ'வைப் பயன்படுத்துங்கள். அதில் உள்ள வேகம் மாற்றும் விளைவு வேறு. அது சுருதியையும் சேர்த்தே மாற்றிவிடும். 96-ஐ 100 ஆக்கினால் சுருதி ஏறக்குறைய 0.7 அரைச்சுரம் ஏறும். டிரம்முக்கு அது சில நேரம் அழகாகவே இருக்கும். மெட்டு உள்ள எதற்கும் ஒத்துவராது.

படி 5: டெம்போ அலைபாயும் பதிவு

கிளிக் (மெட்ரோனோம் ஒலி) இல்லாமல் பாடிய பதிவில் ஒரே எண் கடைசிவரை பொருந்தாது. நான்கு பாருக்கு ஒரு முறை மார்க்கர் வைத்து, அந்த இடங்களை மட்டும் கிரிட்டுக்கு இழுங்கள். ஒவ்வொரு பீட்டையும் கட்டிப்போட்டால் பாடியவரின் மூச்சும் நெகிழ்வும் போய்விடும்.

படி 6: கடைசியிலிருந்து கேளுங்கள்

தொடக்கம் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். பிசகு சேர்ந்து பெரிதாவது முடிவில்தான். பாட்டின் கடைசி எட்டு பாரை மெட்ரோனோமோடு ஓட்டுங்கள். டிரம்மும் கிளிக்கும் 'டட்டக்' என்று இரண்டாகக் கேட்டால் முதல் படிக்குத் திரும்பி டெம்போவைத் தசம எண்ணோடு அளக்க வேண்டும். 'டக்' என்று ஒன்றாக விழுந்தால் கிளிக்கை அணைத்துவிட்டுக் கலவை வேலையைத் தொடங்கலாம்.